தண்ணீரை அளந்த எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்

குடிநீர் நல்லதா தீயதா என்பதைக் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் அறிந்துவிடலாம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். கலங்கிய நீரைத் தள்ளினர். தெளிந்த நீரைக் கொண்டனர். தெளிந்த நீரைக் குடித்தவர்களும் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தபோது, அதனைத் தெய்வ குற்றம் என்றோ தலைவிதி என்றோ எண்ணி ஆறினர். நீரில் கரைந்திருப்பவற்றை அளந்து, ஓர் ஊரின் நீர் எதனால் எப்போது கெட்டது என்று கணக்கிட்டுச் சொல்லும் அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முறையாக வளர்ந்தது. அவ்வறிவை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேரூன்றச் செய்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையார் (1842-1911).

எந்தக் கல்விக்கூடத்தில் அவர் நாற்பதாண்டுகள் உழைத்தாரோ, அக்கல்விக்கூடம் தொடக்கத்தில் அவரைத் தன் மாணவி என்று சொல்லிக்கொள்ளவே தயங்கியது. அந்தத் தயக்கத்தைக் கடந்து அவர் செய்த ஆய்வின் வரலாறு, படிக்க இடம் கேட்டு நிற்கும் எவர்க்கும் பயன்படத் தக்கது. ஆதலின் இம்மலரில் அதனைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் 1842 டிசம்பர் 3-ஆம் நாள் எலன் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே குழந்தை. தந்தையார் பீட்டர் சுவாலோ ஆசிரியப் பணியும் உழவும் செய்தவர். மகளுக்கு முதற்கல்வி வீட்டிலேயே தரப்பட்டது. மகள் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்பதற்காகவே குடும்பம் 1859-இல் வெஸ்ட்ஃபோர்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் கடை வைத்தார். பள்ளி நேரம் போக, எலன் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுத்தார், கணக்கு எழுதினார்.

பள்ளிப் படிப்பு முடிந்த பின் மேற்படிப்புக்குப் பொருளில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும், கடையிலும் வீட்டிலும் உழைத்தும் அவர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். முந்நூறு டாலர் சேர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அப்பணத்தைக் கொண்டு 1868-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், நியூயார்க் மாநிலத்திலுள்ள வாசர் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். உடன் பயின்றவரில் பலர் அவரினும் இளையர். அங்கே வானியல் பேராசிரியர் மரியா மிச்செல் அம்மையாரிடமும், வேதியியல் பேராசிரியர் சார்லஸ் ஃபாரரிடமும் பயின்றார். அறிவியல் மக்களின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படவேண்டும் என்பது ஃபாரரின் கொள்கை. மாணவியின் வாழ்க்கைப் பாதை அங்கேயே முடிவாயிற்று. 1870-இல் அவர் பட்டம் பெற்றார்.

பாதி திறந்த கதவு

வேதியியல் தெரிந்த பெண்ணுக்கு அக்காலத்தில் வேலை தருவார் இல்லை. பாஸ்டன் நகரில் வேதியியல் தொழில் நடத்திய ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். தாங்கள் மாணவர் எவரையும் சேர்ப்பதில்லை என்றும், புதிதாகத் தோன்றியுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் மறுமொழி வந்தது. அக்கழகம் 1865-இல்தான் வகுப்புகளைத் தொடங்கியிருந்தது. அதுவரை பெண் ஒருவரும் அங்கே மாணவராகச் சேர்ந்ததில்லை.

எலனின் விண்ணப்பம் ஆசிரியர் குழுவின் முன் வந்தது. அவர்கள் மறுக்கவுமில்லை, மனமுவந்து ஏற்கவுமில்லை. அவரைத் தனிநிலை மாணவியாகச் சேர்க்கலாம் என்றும், அதனைப் பெண்களைச் சேர்ப்பதற்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்றும் முடிவு செய்தனர். 1870 டிசம்பரில் தலைவர் ரங்கிள் அவர்களின் கடிதம் வந்தது: கட்டணம் வேண்டியதில்லை, வரலாம்.

தம் வறுமையை எண்ணியே கட்டணத்தை நீக்கினர் என்று எலன் நன்றியோடு நினைத்திருந்தார். உண்மை பின்னரே தெரிந்தது. பெண்ணொருத்தியைச் சேர்த்தது ஏன் என்று எவரேனும் வினவினால், கட்டணம் செலுத்தாத அவர் எங்கள் மாணவியே அல்லர் என்று தலைவர் சொல்லிக்கொள்வதற்கு இடம் வைத்தே அவ்வாறு செய்தனராம். அது முன்பே தெரிந்திருந்தால் தாம் அங்கே சென்றிருக்கமாட்டோம் என்று பிற்காலத்தில் அவர் கூறினார். சலுகை போலத் தோன்றுவது சில வேளை ஏட்டில் பெயரில்லாமல் வைத்திருப்பதற்கான வழியாகவும் இருக்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கழகத்தில் அவர் சேர்ந்த சில மாதங்களிலேயே, 1871-இல், தந்தையார் தொடர்வண்டி விபத்தில் உயிர் நீத்தார். துணையின்றி நின்ற தாயாரின் பொறுப்பும் மகளின் மேல் விழுந்தது. அந்நிலையிலும் அவர் படிப்பை விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஊசி, நூல், கத்தரிக்கோல் முதலியவற்றைக் கையோடு வைத்திருப்பார், ஆசிரியர்க்குக் கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பார், மேசைகளைத் துடைப்பார். பெண் வந்ததால் கெடுதி ஒன்றுமில்லை என்று அவர்கள் உணர்ந்தாலன்றித் தமக்குப் பின் வருவோர்க்கு வழி பிறக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆண் மாணவரிடம் எவரும் கேளாத இவ்வேலைகளை ஒரு பெண் செய்து காட்ட வேண்டியிருந்தது அக்காலத்தின் குறை. அதனை நாம் பெருமையாகப் பேச வேண்டுவதில்லை.

1873-இல் கழகம் அவருக்கு அறிவியல் பட்டம் வழங்கியது. அங்கே பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. அதே ஆண்டில், இரும்புக் கனிமம் ஒன்றில் வனேடியம் என்னும் உலோகத்தின் அளவைக் கண்டறிந்து எழுதிய ஆய்வுக்காக வாசர் கல்லூரி முதுநிலைப் பட்டம் அளித்தது. அதன்பின் மேலும் இரண்டாண்டுகள் கழகத்தில் உயராய்வு செய்தார். ஆயினும் முனைவர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1875-இல் அக்கழகத்தின் சுரங்கவியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸ் அவர்களை மணந்தார்.

ஊதியமில்லாத ஆசிரியர்

தமக்குக் கிடைத்த இடம் தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார். பாஸ்டன் நகர மகளிர் கல்விச் சங்கத்தை அணுகிப் பொருளுதவி பெற்று, 1876-இல் கழகத்தின் வளாகத்திலேயே மகளிர் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கச் செய்தார். கருவிகளுக்கும் பொருள்களுக்கும் பணம் தந்தது அச்சங்கம். கற்பித்தவர் அம்மையார், அதற்கு ஊதியம் பெறவில்லை. தம் கைப்பொருளையும் அதில் செலவிட்டார். வந்து பயின்றவரில் பலர் பள்ளி ஆசிரியைகள். அவர்கள் தாம் கற்ற வேதியியலைத் தத்தம் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றனர்.

ஏழாண்டுகள் அவ்வாய்வுக்கூடம் நடந்தது. இதற்கிடையில் கழகம் பெண்களை மற்ற மாணவரைப் போலவே முறையாகச் சேர்க்க முடிவு செய்தது. ஆகவே 1883-இல் மகளிர் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. தான் இனித் தேவையில்லை என்ற நிலையை உண்டாக்கி மூடப்படும் நிறுவனம் தோல்வியுற்றதாகாது. முன்மாதிரியாகாது என்று எழுதி வைத்த தீர்மானம் பதின்மூன்றே ஆண்டுகளில் பொருளற்றுப் போயிற்று.

1884-இல் கழகம் சுகாதார வேதியியலுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் அமைத்தபோது, அம்மையார் அதில் பயிற்றாசிரியராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அப்பதவியிலேயே இறுதிவரை இருபத்தேழு ஆண்டுகள் இருந்தார். பேராசிரியர் பதவி அவருக்கு வழங்கப்படவே இல்லை.

நீரின் மொழி

மாசாசூசெட்ஸ் மாநில சுகாதார வாரியம் 1869-இல் அமைந்தது. அதற்காகப் பேராசிரியர் வில்லியம் நிக்கல்ஸ் நீர்நிலைகளை ஆராய்ந்தபோது, அவருக்கு உதவியாக நீரைப் பகுப்பாய்வு செய்தவர் எலன். அப்போது அவர் மாணவி. அந்தப் பயிற்சியே அவரது வாழ்நாள் ஆய்வுக்கு அடிப்படையாயிற்று.

அக்கால வேதியியலார் நீரில் எதைத் தேடினர் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மனிதர், விலங்குகளின் கழிவு நீரில் கலந்தால், அதிலுள்ள நைட்ரசன் முதலில் கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும். நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போது அம்மோனியா தோன்றும். அம்மோனியா நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டு நைட்ரேட்டாகவும் படிப்படியாக மாறும். ஆகவே இந்நான்கையும் தனித்தனியே அளந்தால் அழுக்கின் வயது தெரிந்துவிடும். கரிம நைட்ரசனும் அம்மோனியாவும் மிகுந்திருந்தால் கழிவு அண்மையில் கலந்தது என்று பொருள். நைட்ரைட்டு இருந்தால் சிதைவு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நைட்ரேட்டு மட்டும் மிகுந்திருந்தால் பெரும்பாலும் அது பழைய கழிவின் எச்சம்.

ஐந்தாவதாக ஒரு சான்று உண்டு. அது குளோரின். கிருமிகளைக் கொல்வதற்காக இக்காலத்தில் குடிநீரில் கலக்கும் குளோரினோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இங்கே பேசப்படுவது கறியுப்பில் உள்ள குளோரைடு. நாம் உண்ணும் உப்பு சிறுநீரோடு வெளியேறிச் சாக்கடையில் சேர்கிறது. நுண்ணுயிர் அதனைச் சிதைப்பதில்லை. மண்ணும் அதனைப் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை. நைட்ரசன் உருமாறி மறைந்தாலும் உப்பு நீரில் நிற்கும். அவ்வகையில் அது பொய் சொல்லாத சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சியை விசாரிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கடற்காற்று உப்புத் துளிகளை நிலத்துக்குள் சுமந்து வருகிறது. மழை அதனை மண்ணில் சேர்க்கிறது. மனிதரே வாழாத காட்டுக் குளத்திலும் சிறிது உப்பு இருக்கும். கடலோரத்துக் கிணற்றில் உப்பு மிகுந்திருந்தால், அது கடல் தந்ததா, பக்கத்து வீட்டுக் கழிவுக்குழி தந்ததா? இதற்கு விடை தெரியாமல் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

இயல்பளவுப் படம்

1886-இல் உள்நாட்டு நீர்நிலைகளின் தூய்மையைக் காப்பதற்கு மாசாசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதனைத் தொடர்ந்து 1887-இல் மாநிலம் முழுவதிலும் உள்ள குடிநீர் நிலைகளை ஆராயும் பெரும்பணி தொடங்கிற்று. வேதியியல் ஆய்வுக்குப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் தாமஸ் டிரௌன். ஆய்வுக்கூடத்தின் அன்றாடப் பணியை நடத்தியவர் ரிச்சர்ட்ஸ் அம்மையார்.

ஆறு, ஏரி, கிணறு, நீர்த்தேக்கம் என எல்லாவற்றிலிருந்தும் மாதந்தோறும் குப்பிகளில் நீர் வந்தது. நீர் குப்பியில் தங்கினாலே அம்மோனியாவின் அளவு மாறிவிடும்; ஆகவே வந்தவுடன் ஆய்ந்தாக வேண்டும். எங்கு, எந்நாளில் மொண்ட நீர் என்ற குறிப்பு தவறினால் உழைப்பு முழுதும் வீண். 20,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் இவ்வாறு பகுத்தறியப்பட்டன. ஒரு மாநிலத்தின் நீர் முழுவதையும் இத்துணை விரிவாக அதற்கு முன் எவரும் அளந்ததில்லை.

இப்பணியின் சிறந்த விளைவு இயல்பளவுக் குளோரின் படம். மனிதக் கழிவு சேராத நீர்நிலைகளை மட்டும் தேர்ந்து, அவற்றின் குளோரைடு அளவுகளை மாநிலப் படத்தில் குறித்தனர். கடற்கரையில் அளவு மிகுந்தும், உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தபோது, கோடுகள் கடற்கரையைத் தழுவியவாறு வரிசையாக அமைந்தன. இனிமேல் எந்த ஊர் நீர் வந்தாலும் படத்தைப் பார்த்தால் போதும். அவ்வூருக்குரிய இயல்பளவைவிட நீரில் குளோரைடு மிகுந்திருந்தால், மிகுந்த அந்தப் பங்கு பெரும்பாலும் மனிதர் சேர்த்தது.

இதில் உள்ள அறிவு நுட்பத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். இயல்பு எது என்று முதலில் அளந்து நிறுவாமல், எதனையும் கெட்டது என்று சொல்ல முடியாது. ஒரு நீர் தூயது, மற்றொன்று தூயதன்று என்பதை வழக்கத்தாலும், அதனை மொண்டவர் பிறப்பாலும் முடிவு செய்த சமுதாயங்கள் உலகில் உண்டு. அதன் கசப்பை நம் முன்னோர் பருகியிருக்கின்றனர். ஆய்வுக்கூடத்தின் குப்பியோ, அதில் கரைந்திருப்பதை மட்டுமே சொல்லும்; அதனைக் கொண்டு வந்தவர் யார் என்று கேட்பதில்லை.

ஆற்றின் மேலும் கீழும்

இத்தகைய ஆய்வு ஏட்டுக் கல்வியாக நின்றுவிடவில்லை. மெரிமாக் ஆற்றங்கரையில் லோவல், லாரன்ஸ் என இரு நெசவாலை நகரங்கள் உள்ளன. லோவல் மேலே; லாரன்ஸ் கீழே. லோவலின் கழிவு ஆற்றில் விழுந்தது; லாரன்ஸ் மக்கள் அவ்வாற்று நீரைக் குடித்தனர். ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலால் துன்புற்றன. 1890-91-இல் காய்ச்சல் பரவியபோது, அம்மையாரின் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் செட்ஜ்விக் அதன் வழியைத் தேடி ஆற்று நீரையே காரணமாகக் கண்டார்.

சுகாதார வாரியம் 1887-இலேயே லாரன்சில் ஓர் ஆய்வு நிலையம் நிறுவி, மணல் வழியே நீரையும் கழிவையும் வடிகட்டும் முறைகளைச் சோதித்து வந்தது. அச்சோதனைகளின் பயனாக 1893-இல் லாரன்ஸ் நகரின் மணல் வடிகட்டி இயங்கத் தொடங்கிற்று. டைபாய்டு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. வேதியியலாரும் உயிரியலாரும் பொறியாளரும் கூடிச் செய்த பணி இது. ஒருவர் பெயரில் எழுதத் தக்கதன்று. நீரை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, அதனைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குக் கற்பித்ததே இதில் அம்மையாரின் பங்கு. அவரிடம் நீர், காற்று, கழிவு ஆகியவற்றின் பகுப்பாய்வைப் பயின்றவர்கள் பல ஊர்களில் குடிநீர்ப் பணிகளை ஏற்றனர். 1900-இல் உட்மன் என்பாருடன் சேர்ந்து காற்று, நீர், உணவு பற்றி அவர் எழுதிய நூல் பாடநூலாயிற்று.

நிறையும் குறையும்

நீரோடு நில்லாமல், வீடு, உணவு, பள்ளி என மனிதரின் சுற்றுப்புறம் அனைத்தையும் அறிவியலால் திருத்த அவர் முயன்றார். மனையியல் என்னும் துறை அமெரிக்காவில் உருவாக வழி வகுத்து, 1908-இல் தோன்றிய அமெரிக்க மனையியல் கழகத்தின் முதல் தலைவரானார். மனிதரின் தரத்தைப் பரம்பரையைக் கொண்டு உயர்த்தலாம் என்ற பேச்சு ஓங்கியிருந்த காலத்தில், சுற்றுப்புறத்தைச் சீர்ப்படுத்துவதே முதற்கடமை என்று 1910-இல் ஒரு நூல் எழுதினார். பரம்பரை பற்றிய அப்பேச்சை அவர் முற்றும் மறுத்தார் எனக் கூற முடியாது. ஆயினும் பிறப்பை மாற்றக் காத்திராமல், குடிக்கும் நீரையும் வாழும் வீட்டையும் இன்றே மாற்றலாம் என்ற அவர் வாதம் வலிமை உடையது.

அவர் தவறியதும் உண்டு. ஏழைத் தொழிலாளர்க்குச் சத்துள்ள உணவை மலிவாகத் தருவதற்கு 1890-இல் பாஸ்டனில் ஓர் உணவுக்கூடம் தொடங்கினார். பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் தத்தம் நாட்டு உணவையே விரும்பினர். அக்கூடத்தின் சமையல் அவர்களைக் கவரவில்லை. சத்தை அளந்தவர், உண்பவர் விருப்பத்தைப் போதிய அளவு கேட்டறியவில்லை. மக்களுக்கு நன்மை செய்யப் புகுவோர் மறக்கக்கூடாத பாடம் இது.

இயல்பளவுப் படத்துக்கும் எல்லை உண்டு. குளோரைடு கழிவின் அடையாளமே தவிர, நோய்க்கிருமி அன்று. பிற்காலத்தில் அப்பகுதியில் குளிர்காலப் பனியை உருக்கச் சாலைகளில் உப்பு தூவும் வழக்கம் பரவியபின், நீர்நிலைகளில் உப்பு மிகுவதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துவிட்டது. படத்தின் எண்கள் பழமையாகலாம். இயல்பை முதலில் அறிந்து, அதிலிருந்து விலகியதை அளக்கும் முறை பழமையாகவில்லை. நீர் ஆய்வாளர் இன்றும் அவ்வழியிலேயே செல்கின்றனர்.

முடிவுரை

1910-இல் ஸ்மித் கல்லூரி அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு, 1911 மார்ச் 30-ஆம் நாள், தம் அறுபத்தெட்டாம் வயதில் அம்மையார் காலமானார். ஏட்டில் பெயர் எழுதத் தயங்கிய அதே கழகம், 1973-இல் அவர் பெயரால் ஒரு பேராசிரியர் பதவியை நிறுவியது. அவருக்கு உயிரோடிருந்தபோது கிட்டாத பதவி, நூறாண்டுகளுக்குப் பின் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை நெஞ்சில் கொள்ளவேண்டும். பாதி திறந்த கதவின் வழியே நுழைந்தவர் அதனைத் தமக்குப் பின் சாத்திவிடவில்லை. தாம் அமர்ந்த இருக்கைக்கு அருகில் மற்றவர்க்கும் இருக்கை இட்டார். இது முதலாவது. தமக்கு இழைக்கப்பட்டதைப் பேசிக்கொண்டே காலம் கழிக்காமல், எவரும் மறுக்க முடியாத அளவுகளைத் திரட்டி உலகின்முன் வைத்தார். இது இரண்டாவது.

உங்கள் ஊர்க் கிணற்று நீரையும் குழாய் நீரையும் ஒருநாள் ஒரு குப்பியில் எடுத்து, பள்ளியின் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு செல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஆசிரியரைக் கேளுங்கள். விடை எதுவாயினும் நாள் குறித்து எழுதி வையுங்கள். அடுத்த மாதமும் அவ்வாறே செய்யுங்கள். 20,000 குப்பிகளும் ஒரு குப்பியில்தான் தொடங்கின.